காவல் நாயும் கழுத்துப்பட்டையும்

குற்றம் செய்யவே இயலாத ஓர் உயிர் தண்டனை பெறும்போது, அந்தக் குற்றம் யாரிடம் போய்ச் சேருகிறது? குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் எந்தப் பேராசிரியரும் எங்களிடம் இப்படியொரு கேள்வியைக் கேட்டதில்லை. பல ஆண்டுகள் கழித்து, என் பங்கைச் சேர்ந்த ஓர் ஏழைத் தாய், கையில் கட்டுப்போட்ட தன் மகனை அருகில் நிறுத்திக்கொண்டு, பங்கு இல்லத்துத் திண்ணையோரம் நின்று அதைக் கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடி நான் நடந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பங்கில் ஒரு குடும்பத்தார் வெளிநாட்டில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பொருளில் பெரியதொரு வீடு கட்டினார்கள். புதுமனை மந்திரிப்புக்கு என்னை அழைத்திருந்தார்கள். வாயிற்கதவின் ஓரம், கன்றுக்குட்டி அளவில், அடர்ந்த மயிரோடு ஒரு நாய் இரும்புச் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தது. சித்திரை வெயிலில் நாக்குத் தொங்க மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. வந்திருந்த உறவினர் அதனருகே நின்று படம் எடுத்துக்கொண்டனர். "இது காக்கேசியன், சுவாமி. ஓநாயையே அடிக்குமாம். இனி இந்தத் தெருப்பக்கம் ஒரு திருடன் எட்டிப் பார்க்கமாட்டான்" என்றார் வீட்டுக்காரர் பெருமையோடு. நானும் சிரித்தேன். வீட்டின் நான்கு மூலைகளிலும் தெளித்த தீர்த்தத்தில் சில துளிகளை அதன்மீதும் தெளித்துவிட்டு, விருந்துக்கு அமர்ந்தேன்.

ஓராண்டு சென்றிருக்கும். அவ்வீட்டில் வேலை செய்த பெண்ணின் ஒன்பது வயது மகன், பள்ளி விட்டதும் தாயைத் தேடி அங்கே சென்றான். சங்கிலியின் கொக்கி கழன்றிருந்தது. பதினான்கு தையல்கள். அந்த வீட்டார் கொடியவர்கள் அல்லர். சிறுவனைத் தங்கள் வண்டியிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். செலவு முழுவதையும் ஏற்றார்கள். ஆனால் மூன்றாம் நாளே நாயை ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள். கடித்த நாயைப் பத்து நாள் உயிரோடு கட்டிவைத்து, அதற்கு வெறிநோய் உண்டா எனக் கவனிக்க வேண்டும் என்ற எளிய விதியைக்கூட அந்த அவசரத்தில் ஒருவரும் நினைக்கவில்லை.

அதன் பிறகுதான் அந்தத் தாய் வந்தார். "பையனுக்குத் தேவலை, சாமி. ஆனா அந்த நாயைக் கொன்னுட்டாங்க. ராத்திரி முழுக்க அது ஊளை விட்டு அழுவும். வெள்ளனா போறவ நான், எனக்குத்தான் தெரியும். கட்டிப் போட்டது யாரு, செத்தது யாரு, பாத்தீங்களா சாமி?" என்றார்.

தன் மகனின் சதையைக் கிழித்த விலங்குக்காக ஒரு தாய் வழக்காட வந்திருந்தார். நான் தலை குனிந்தேன். ஏனெனில் அந்த நாய் எத்தகைய பிறவி என்பதும், அதற்கு அந்த வாசலில் நேர்ந்துகொண்டிருந்தது எத்தகைய தீங்கு என்பதும், மந்திரிப்பு நாளன்றே எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல, இத்தாலி நாட்டிற்கும் 2001ஆம் ஆண்டின் கோடைக்கும் நான் திரும்பிச் செல்ல வேண்டும். அப்போது உரோமை நகரில் மேற்படிப்பில் இருந்தேன். கோடை விடுமுறையில் எங்களைப் போன்ற அயல்நாட்டு மாணவக் குருக்களை, ஓய்வுக்குச் செல்லும் பங்குத்தந்தையர்க்கு மாற்றாகச் சிற்றூர்களுக்கு அனுப்புவார்கள். எனக்குக் கிடைத்தது அப்ரூட்சோ மாநிலத்தில், கிரான் சாஸ்ஸோ மலைத்தொடரின் மடியில் இருந்த ஒரு சிற்றூர். அம்மலையின் உச்சி 2,912 மீட்டர் உயரம். அதன்கீழ் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் காம்போ இம்பெராத்தோரே என்னும் பரந்த புல்வெளி விரிந்து கிடக்கிறது. கோடையில் ஆட்டு மந்தைகள் அங்கே மேயும். பழங்காலத்தில் குளிர் தொடங்கும் முன்னே அவை கீழிறங்கி, புல் பாதைகள் வழியே நாள்கணக்கில் நடந்து, தெற்கே பூலியாவின் சமவெளிக்குச் செல்லும். லாக்குயிலாவிலிருந்து ஃபோஜ்ஜா வரை சென்ற பெரும் பாதையின் நீளம் மட்டும் 244 கிலோமீட்டர். இந்த இடப்பெயர்வு மேய்ச்சலை 2019இல் யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. கிடை ஆடுகளோடு ஊர் ஊராகச் செல்லும் கீதாரிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த அந்நிய மலையில் முதன்முதலாக உறவாகத் தோன்றியது அந்த ஆயர்களின் வாழ்வே.

ஒரு மாலை, தனியே நடந்து சென்றேன். சரிவில் மந்தை அசைவின்றிப் படுத்திருந்தது. தூரத்திலிருந்து பார்க்க வெள்ளைப் பாறைகள் சிதறிக் கிடப்பது போலிருந்தது. இன்னும் சிறிது நெருங்கியபோது, அப்பாறைகளில் ஒன்று எழுந்து நின்றது. அது ஆடு அன்று. தூய வெண்மையான பெரிய நாய். மாரெம்மா நாய் என்றும் அப்ரூட்சோ நாய் என்றும் அழைக்கப்படும் ஆட்டுக்காவல் இனம். எனக்கும் மந்தைக்கும் நடுவே வந்து நின்று, அடிவயிற்றிலிருந்து குரைத்தது. அஞ்சிக் கைத்தடியை ஓங்கினேன். மேட்டிலிருந்து ஆயரின் குரல் வந்தது: "தடியைத் தாழ்த்துங்கள்! அசையாமல் நில்லுங்கள்! பிறகு மெல்லப் பின்னால் செல்லுங்கள்!" அவ்வாறே செய்தேன். நாய் ஓர் அடிகூட முன்வரவில்லை. நான் இருபது அடி பின்வாங்கியதும் அது குரைப்பதை நிறுத்தியது. இன்னும் சிறிது விலகியதும், ஒன்றுமே நடவாதது போல மீண்டும் ஆடுகளுக்கிடையே படுத்துக்கொண்டது. ஓர் ஆட்டுக்குட்டி அதன் முதுகில் முன்னங்காலை ஊன்றி ஏற முயன்றது. அது தலையைக்கூடத் திருப்பவில்லை.

முதியவரான அந்த ஆயர் இறங்கி வந்து என்னைத் தேற்றினார். "அது உங்களை வெறுக்கவில்லை, தந்தையே. உங்களை அறியவில்லை. அவ்வளவுதான்" என்றார். அடுத்தடுத்த நாள்களிலும் சென்றேன். ஐந்தாம் நாள் அது என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, தன் வேலைக்குத் திரும்பியது.

அவருடைய குடிசைச் சுவரில் ஒரு பழைய கழுத்துப்பட்டை தொங்கியது. தடித்த தோலில், கூர்முனை வெளியே நீட்டியபடி ஆணிகள் வரிசையாக அடிக்கப்பட்டிருந்தன. ஓநாய் முதலில் பாய்வது நாயின் கழுத்தை நோக்கித்தான். அதற்கு எதிரான கவசம் அது. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். உட்புறத்தில், ஆணித்தலைகள் நாயின் தோலில் உரசாதபடி மென்தோல் வைத்துத் தைத்திருந்தார்கள். வெளியே இரும்பு, உள்ளே மென்மை.

உரோமைக்குத் திரும்பிய பின் நூலகத்தில் தேடினேன். கி.மு. 37இல் வேளாண்மையைப் பற்றி நூல் எழுதிய வார்ரோ என்னும் உரோமையர், இதே பட்டையை, உள்ளே மென்தோல் வைத்துத் தைப்பது உட்பட, விவரித்திருக்கிறார். அவருடைய சொந்த மந்தைகளே கோடையில் மலையிலும் குளிர்காலத்தில் பூலியாவிலும் மேய்ந்தவை. ஆட்டுக்காவலுக்கான நாயை வேட்டைக்காரரிடமோ இறைச்சி விற்பவரிடமோ வாங்காதீர்கள் என்று அவர் எச்சரிக்கிறார். முன்னது முயலைக் கண்டால் மந்தையை விட்டு ஓடிவிடும். பின்னது மந்தையைப் பின்தொடரச் சோம்பும். அந்த அப்ரூட்சோ மலைப்பகுதியிலேயே இருந்த அமித்தெர்னும் நகரத்தார் ஒருவரைப் பற்றியும் எழுதுகிறார். அவர் உம்பிரியாவின் கோடியில் மந்தைகளை நாய்களோடு விலைக்கு வாங்கினார். ஆயர்களோ விற்பனையில் சேரவில்லை. ஆயர்கள் மந்தையைத் தெற்கே கொண்டுசேர்த்துவிட்டு ஊர் திரும்பினர். சில நாள்களில் நாய்கள் அவர்களைத் தேடித் தாமாகவே புறப்பட்டு, பல நாள் வழியைக் கடந்து, உம்பிரியாவிற்கே வந்துசேர்ந்தன. நாயை விலைக்கு வாங்கலாம். அதன் பற்றை விலைக்கு வாங்க முடியாது என்பதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அந்த மலைநாட்டார் அறிந்திருந்தனர்.

அந்தப் பற்று எப்படி உருவாகிறது? இதைத்தான் ஆயர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். குட்டி ஆட்டுப்பட்டியிலேயே பிறக்கிறது. கண் திறந்ததும் அது காண்பது ஆடுகளை. முகர்வது ஆடுகளின் வாடையை. குளிருக்கு ஒண்டுவது ஆடுகளின் வயிற்றில். ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பதினாறாம் வாரத்திற்குள் யாரோடு வாழ்கிறதோ அவர்களையே அது தன் இனமாகக் கொள்கிறது. அந்தக் கதவு ஒருமுறை அடைபட்டால் மீண்டும் எளிதில் திறப்பதில்லை. ஆயினும் பிறப்பும் வாடையும் மட்டும் போதா. இளம் நாய் விளையாட்டாக ஆட்டுக்குட்டியைத் துரத்தும், காதைக் கடிக்கும். ஆயர் அருகிருந்து, ஒவ்வொரு முறையும் அதட்டித் திருத்த வேண்டும். நம்பி மந்தையை ஒப்படைக்க இரண்டு ஆண்டுகளாவது ஆகும். மூத்த நாய்களின் அருகே வளர்ந்தால் கற்பது விரைவாகும்.

1970களின் இறுதியிலிருந்து அமெரிக்காவில் ரேமண்ட் கொப்பிங்கர், லோர்னா கொப்பிங்கர் என்னும் ஆய்வாளர் இணையர், இத்தாலியிலிருந்தும் துருக்கியிலிருந்தும் பால்கன் நாடுகளிலிருந்தும் இத்தகைய நாய்களைக் கொண்டுவந்து ஆராய்ந்தனர். நல்ல காவல் நாய்க்கு மூன்று இயல்புகள் வேண்டும் என அவர்கள் கண்டனர். மந்தைக்குத் தீங்கு செய்யாதிருத்தல் முதலாவது. மந்தையை விட்டு அகலாமல் அதன்மேல் கவனமாயிருத்தல் இரண்டாவது. அந்நியரை எதிர்கொண்டு காத்தல் மூன்றாவது. இந்த வரிசை சிந்திக்கத்தக்கது. வாசலில் நாயைக் கட்டும் நாம் கேட்பதெல்லாம் மூன்றாவதை மட்டுமே. முதல் இரண்டும் இல்லாத இடத்தில் மூன்றாவது காவல் ஆகாது. வெறும் சீற்றமாகவே எஞ்சும்.

இன்னொன்றையும் அந்த மலையில் கண்டேன். இந்நாய் பகையைத் துரத்திக்கொண்டு நெடுந்தூரம் ஓடுவதில்லை. குரைக்கிறது, நடுவில் வந்து நிற்கிறது, விலகாவிட்டால் மட்டுமே பாய்கிறது. பெரும்பாலும் ஓநாய் விலகிவிடுகிறது. காவல் நாயின் வெற்றி, கொன்ற ஓநாய்களின் எண்ணிக்கையில் இல்லை; விடியற்காலையில் எண்ணிப்பார்க்கும்போது குறையாதிருக்கும் ஆடுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் இத்தாலி முழுவதிலும் ஏறத்தாழ நூறு ஓநாய்களே எஞ்சியிருந்தன. 2020-21இல் நடந்த கணக்கெடுப்பு அவை சுமார் 3,300 எனக் காட்டியது. ஓநாயை வேட்டையாடுவது 1971இல் தடைசெய்யப்பட்டதே இதற்கு முதற்காரணம். ஆனால் நாய் நன்றாகக் காக்கும் இடத்தில் ஆயரும் துப்பாக்கியைத் தேடுவதில்லை என்பதும் உண்மை. நல்ல காவல், காக்கப்படுபவரோடு பகைவரையும் வாழவிடுகிறது.

மெய்யியல் படித்தவர்களுக்கு இங்கே பிளேட்டோவின் 'குடியரசு' நினைவுக்கு வரும். நகரத்தின் காவலர் தம்மவரிடம் மென்மையும் பகைவரிடம் வீரமும் உடையவராயிருக்க வேண்டும். ஆனால் இவ்விரண்டும் ஓருயிரில் கூடுமா என அதில் சாக்ரடீஸ் ஐயுறுகிறார். பிறகு நல்ல இன நாயை நினைத்துக்கொண்டு, கூடும் என்கிறார். அறிந்தவரிடம், அவர் ஒரு நன்மையும் செய்யாதபோதும் அது அன்பாயிருக்கிறது. அறியாதவரிடம், அவர் ஒரு தீமையும் செய்யாதபோதும் சீறுகிறது. அறிவையே நட்பின் அளவுகோலாகக் கொள்வதால் நாய் ஒரு மெய்யியலார் என்று, பாதி விளையாட்டாகச் சொல்கிறார். எழுத்தறிவு அதிகமில்லாத அந்த ஆயர், 'உங்களை அறியவில்லை, அவ்வளவுதான்' என்று சொன்னது இதையே அல்லவா?

அப்படியானால் நாயிடம் அறம் உண்டு என்று கொள்ளலாமா? இங்கே புனித தோமா அக்குவினாஸ் நமக்கு உதவுகிறார். ஓநாயைக் காணும் ஆட்டை அவர் எடுத்துக்காட்டாகக் கூறுவார். ஓநாயின் நிறமோ உருவமோ அதன் கண்ணை உறுத்துவதால் ஆடு ஓடுவதில்லை. அது தன் இனத்திற்குப் பகை என்று மதிப்பிடுவதால் ஓடுகிறது. விலங்குகளிடம் உள்ள இந்த மதிப்பிடும் ஆற்றலும் ஒருவகைத் தீர்ப்புத்தான். ஆனால் ஒப்பிட்டு ஆய்ந்து செய்யும் சுதந்திரத் தீர்ப்பு அன்று. இயற்கையின் உந்துதலால் எழுவது. சுதந்திரம் இல்லாத இடத்தில் அறமும் இல்லை, பாவமும் இல்லை.

ஆயினும் அந்த மலையில், ஓநாயைப் போலவே பல்லும் வலிமையும் கொண்ட ஒரு விலங்கின் விலாவில் சாய்ந்து ஆடுகள் உறங்குவதைக் கண்டேன். நாயின் மதிப்பீடும் ஆட்டின் மதிப்பீடும் வளர்ப்பினால் வடிவம் பெற்றிருந்தன. காக்கும் நாட்டம் தலைமுறை தலைமுறையாக இரத்தத்தில் வருகிறது, உண்மை. ஆனால் யாரைக் காப்பது என்பதை அந்த இரத்தம் சொல்வதில்லை. அதை முடிவு செய்தவர், குட்டியைப் பட்டியில் ஈன வைத்து, இரண்டாண்டுகள் அருகிருந்த ஆயர். நாயிடம் நாம் காணும் நற்பண்பு, சுதந்திரமுள்ள ஒரு மனிதர் முன்னரே செய்த தெரிவின் விளைவு. அப்படியானால் அதன் கேடும் அவ்வாறே. என் பங்கின் தாய் கேட்ட கேள்விக்கு, நான் கண்ட விடையின் முதற்பாதி இது.

யாரைக் காப்பது என்பது வளர்ப்பவரின் கையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சான்று உண்டு. விக்டோரியா மாநிலத்தில் வார்னம்பூல் நகரையொட்டி மிடில் ஐலண்ட் என்னும் சிறு தீவு இருக்கிறது. அங்கே வாழ்ந்த சிறிய இனப் பென்குவின்கள், நீர் வற்றும் வேளையில் நடந்து வந்த நரிகளால் அழிந்து, பல நூறு என்றிருந்த நிலையிலிருந்து 2005இல் பத்துக்கும் குறைவாயின. கோழிப்பண்ணையைக் காக்க மாரெம்மா நாய் வைத்திருந்த ஒரு விவசாயி கூறிய யோசனைப்படி, 2006இல் அதே இன நாய்களைத் தீவில் பென்குவின்களோடு பழக்கினார்கள். நரிகள் விலகின, பறவைகள் மீண்டும் நூற்றுக்கு மேல் பெருகின. 2017இல் கடல் கொந்தளிப்பால் நாய்களைத் தீவுக்குக் கொண்டுசெல்ல இயலாத நாள்களில் நரி புகுந்து நூற்றுக்கும் மேற்பட்ட பென்குவின்களைக் கொன்றுபோட்டது. அப்ரூட்சோவின் ஆட்டுக்காவல் நாய், தன் மூதாதையர் ஒருநாளும் கண்டிராத கடற்பறவைக்குக் காவலாயிற்று. அதைப் பென்குவின்களோடு சேர்த்தவர்கள் மனிதர்கள். நாய் அவற்றைத் தன்னவையாகக் கொண்டது.

ஆப்பிரிக்காவின் நமீபியாவிலும் 1994 முதல், சிவிங்கிப்புலிகளைக் காக்கும் அமைப்பொன்று, துருக்கி நாட்டுக் காவல் நாய்களை விவசாயிகளுக்குக் கொடுத்துவருகிறது. ஆடுகள் தப்புகின்றன, எனவே சிவிங்கிப்புலிகளைச் சுடுவதும் குறைகிறது. கங்கால் எனப்படும் அந்த இனமும் காக்கேசிய நாயும், 2024 மார்ச்சில் நம் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், வளர்க்கத் தடைசெய்ய வேண்டிய மூர்க்கமான இனங்களின் பட்டியலில் இடம்பெற்றன. உரியவர்களைக் கலந்து பேசாமல் வெளியிடப்பட்டது என்று கர்நாடக உயர்நீதிமன்றம் அடுத்த மாதமே அதை இரத்துசெய்தது. சட்டத்தின் கவலை நியாயமானது. கடிபட்ட குழந்தைகள் கற்பனை அல்லர். ஆனால் ஒரே இனம் ஒரு நாட்டில் காவலாகவும் வேறொரு நாட்டில் கொடுமையாகவும் தோன்றுமானால், நாம் ஆராய வேண்டியது இனத்தின் பெயரை மட்டுமன்று, அதைப் பிணித்த சங்கிலியையும்தான்.

எங்கள் ஊர் வாசலில் என்ன நடந்தது? காக்கேசிய ஆண் நாய் ஐம்பது கிலோவுக்கு மேல் வளரும். மலைக்குளிருக்கென்று இறைவன் அதற்கு இரட்டை மயிர்ப் போர்வை தந்திருக்கிறார். அதை நம் சமவெளியின் வெயிலில் கட்டினார்கள். நாளெல்லாம் நடந்து எல்லையைச் சுற்றிவரும் பிறவிக்கு ஆறடிச் சங்கிலி. எந்நேரமும் கூட்டத்தோடு வாழ வேண்டியதற்குத் தனிமை. தட்டை வைத்துவிட்டு அஞ்சி விலகும் கைகளே அது அறிந்த கைகள். காக்கப் பிறந்ததற்குத் தன்னவர் என்று ஒருவரும் இல்லை. தன்னவர் இல்லாதபோது எல்லாரும் அந்நியர். அந்தச் சிறுவனும் அந்நியன். வேலைக்காரியின் பிள்ளையை அந்த நாய்க்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லை. உண்மையில் அந்த வீட்டுக்குள்ளும் அவனை யாரும் அறிந்திருக்கவில்லை. நாய் அந்த வீட்டின் எல்லைக்கோட்டை அப்படியே ஏற்றுக்கொண்டது.

நான் அந்த வீட்டிற்குச் சென்றேன். வீட்டுக்காரர் வாசற்படியில் அமர்ந்திருந்தார். அருகே வெறும் சங்கிலி கிடந்தது. அவர் முகத்தில் உண்மையான துயரம் இருந்தது. "நல்லாத்தான் சாப்பாடு போட்டோம், சுவாமி. இப்படி வளர்க்கக் கூடாதுன்னு எங்களுக்கு யாருமே சொல்லலையே" என்றார்.

அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது. எசாயா இறைவாக்கினர், மக்களின் காவலராயிருந்தும் வாய் திறவாதவர்களை, குரைக்க மாட்டாத நாய்களுக்கு ஒப்பிட்டுக் கடிந்துரைக்கிறார். அப்பகுதியை நான் எத்தனையோ முறை மறையுரையில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் என் மனத்தில் இருந்தவர்கள் வேறு யாரோ. மந்திரிப்பு நாளன்று, அறிந்திருந்த ஒரே மனிதன் நான். விருந்தினர்முன் வீட்டுக்காரரின் பெருமையைக் குலைக்க விரும்பாமல் சிரித்துவிட்டு உள்ளே சென்றேன். அந்த ஊரில் குரைக்காதிருந்த காவல் நாய் நானே. தாயின் கேள்விக்கு விடையின் மறுபாதி இதுதான்: குற்றம் நாயைக் கடந்து வீட்டுக்காரரிடம் சென்றது, அவரோடு நின்றுவிடாமல், அவர் வீட்டை மந்திரித்தவரிடமும் வந்துசேர்ந்தது. அதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். பிறகு அந்தத் தாயிடமும் சென்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "நீங்களாச்சும் வந்து சொன்னீங்களே, சாமி" என்றார்.

அதற்குப்பின் என் பங்கில் யாராவது பெரிய நாய் வாங்கப்போவதாகச் சொன்னால், மூன்று கேள்விகள் கேட்கிறேன். முதலாவது: பகலில் அதனோடு யார் இருப்பார்கள்? தனித்து விடப்படும் காவல் நாய் எதையும் காப்பதில்லை. இரண்டாவது: குட்டியாயிருக்கும்போதே வீட்டுக் குழந்தைகளை மட்டுமன்றி, வேலை செய்பவரின் பிள்ளைகளையும், பால் கொண்டுவருபவரையும், அண்டை வீட்டாரையும் அது அறியச் செய்வீர்களா? மூன்றாவது: அதன் முதுமைக்கு நீங்கள் அணியமா? பெருத்த உடல் கொண்ட நாய்கள் நெடுநாள் வாழ்வதில்லை. பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தாலே பெரிது. குட்டிப் பருவத்தில் மிகுதியாக ஊட்டிக் கொழுக்கவைத்தால் இடுப்பெலும்பு கெடும். வெயிலுக்கு இதம் என்று மயிரை ஒட்டச் சிரைத்தால் வெயில் தோலைச் சுடும். வேண்டியது நிழலும் நீரும் காலை, மாலை நடையும். இவற்றைக் கேட்டபின் சிலர் தங்கள் எண்ணத்தைக் கைவிட்டிருக்கிறார்கள். அதுவும் ஓர் உயிருக்குச் செய்த நன்மையே. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்பிற்கே எதிரானது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிக்கிறது. அங்கே விலங்கின் துன்பத்தோடு நம் மாண்பும் சேர்த்துப் பேசப்படுவதைக் கவனிக்க வேண்டும்.

காவல் நாய்க்கு ஓர் எல்லை உண்டு. தான் யாரோடு வளர்ந்ததோ அவர்களை மட்டுமே அது தன்னவராக அறியும். நாம் அந்த எல்லையில் நின்றுவிடப் படைக்கப்பட்டவர்கள் அல்லோம். வழியில் குற்றுயிராய்க் கிடந்த அந்நியனைத் தன்னவனாக்கிக்கொண்ட சமாரியர் செய்தது நாயால் ஆகாத செயல். சுதந்திரத் தீர்ப்பின் செயல். ஆனால் அங்கே செல்வதற்கு முன், நாயிடம் உள்ளதையாவது நாம் கற்க வேண்டியிருக்கிறது. பெற்றோராக, முதலாளியாக, அதிகாரியாக, குருவாக நம் ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒரு வலிமை ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பழைய கழுத்துப்பட்டை என் நினைவில் அடிக்கடி வருகிறது. அதன் ஆணிகள் வெளியே நீட்டியிருந்தன. மென்தோல் உள்ளே இருந்தது. பல வீடுகளிலும் பல நிறுவனங்களிலும், சில வேளைகளில் நம் பங்குகளிலும், பட்டையைத் தலைகீழாக அணிந்துகொண்டிருக்கிறோம். அந்நியரிடம் மென்மை; அண்டி வாழ்பவரிடம் ஆணி.

அந்தச் சிறுவன் இப்போது வளர்ந்துவிட்டான். ஞாயிறு திருப்பலியில் பீடத்தில் உதவுகிறான். தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டும்போது அவன் முன்கையில் அந்த வடு தெரியும். கைகளைக் கழுவிக்கொள்ளும் அந்த வேளையில், அதைப் பாராமல் நான் ஒருநாளும் கடந்துபோவதில்லை.